ஸ்போர்ட்ஸ் கார் பேட்டரி செத்துடுச்சு, என்ன போடறது? அவசரம்

பீளமேடு பையன்:
மாமாவோட ஸ்போர்ட்ஸ் கார் எங்க வீட்ல நிக்குது. பேட்டரி சுத்தமா போயிடுச்சு. சாவிய அழுத்தினா ஒரு லைட்டும் எரியல. என்ன பேட்டரி வாங்கலாம்? சனிக்கிழமை மாமா சிங்கப்பூர்ல இருந்து வர்றார். சீக்கிரம் சொல்லுங்க.

உக்கடம் ஸ்பேனர்:
என்ன காருங்க? எந்த வருஷம்?

இன்வெர்ட்டர் இளங்கோ:
தண்ணி கடைசியா எப்ப ஊத்தினீங்க? எங்க கடைக்கு வர்றதுல பாதி தண்ணியில்லாம காஞ்சதுதான்.

பழைய பிஸ்டன்:
ஸ்டிக்கர் ஒட்டின ஸ்விஃப்டையும் ஸ்போர்ட்ஸ் கார்னுதான் சொல்றாங்க. வண்டிப் பேரு, வருஷம், கடைசியா ஓடின நாள், மீட்டர்ல எத்தனை வோல்ட். இந்த நாலும் சொல்லாம கேக்கறது, டாக்டருக்கு போன் பண்ணி "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு வைக்கிற மாதிரி. வர்றவங்க எல்லாருக்கும் இதையேதான் சொல்லிட்டிருக்கேன்.

பீளமேடு பையன்:
ஸாரிங்ணா. போர்ஷ பாக்ஸ்டர், 2008. தைப்பூசத்துக்கு மருதமலை அடிவாரம் வரைக்கும் எடுத்தது. அதுக்கப்புறம் நின்னது நின்னபடிதான். வோல்ட் பாக்க முடியல.

அண்ணாநகர் ஆல்டர்னேட்டர்:
அஞ்சு மாசமா? வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விட்டிருந்தா இந்த வம்பே இல்ல. நான் அப்படித்தான் பண்றேன்.

உக்கடம் ஸ்பேனர்:
ஏன் பாக்க முடியல? மீட்டர் இல்லையா?

பீளமேடு பையன்:
மீட்டர் இருக்குங்க. பானெட்தான் திறக்கல. பின்னாடி டிக்கியும் திறக்கல. ஸ்விட்ச இழுத்து இழுத்துப் பாத்துட்டேன்.

பழைய பிஸ்டன்:
இது முதல் வரியில வந்திருக்க வேண்டிய சங்கதி.

உக்கடம் ஸ்பேனர்:
அட, அதான் விஷயமே. தம்பி, பேட்டரி முன்னாடி மூடிக்குள்ள, முன் கண்ணாடிய ஒட்டி இருக்கு. அந்த மூடிப் பூட்டு கரண்ட்லதான் திறக்கும். கரண்ட் குடுக்கற பேட்டரியோ உள்ளே. பெட்டிச் சாவிய பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டின கதை. நெம்பித் திறக்கப் பாக்காதீங்க, பெயின்ட் போயிடும்.

டிரைவர் கதவை சாவியால திருப்பித் திறங்க. திறந்ததை மூடாதீங்க. இந்த வண்டியில கதவுக் கண்ணாடிக்கு ஃப்ரேம் கிடையாது, கரண்ட் இல்லாதப்ப கண்ணாடி கொஞ்சம் இறங்கி வழி விடாது, ரப்பர்ல போய் இடிக்கும். கால் வைக்கிற இடத்துல ஓரச் சுவர்ல ஒரு பிளாஸ்டிக் மூடி, அதுக்குள்ள ஃபியூஸ் பெட்டி. அங்க ஒரு பிளஸ் முனை உள்ளே அமுங்கி இருக்கும். இடுக்கியால வெளியே இழுங்க. வேற பேட்டரியோட பிளஸ்ஸ அதுல மாட்டி, மைனஸ்ஸ கதவு வந்து பூட்டிக்கிற இரும்புக் கொக்கியில பிடிங்க. அப்புறம் சாவியில முன் மூடி பட்டனை அழுத்துங்க. டக்குனு சத்தம் வரும். பூட்டியிருந்த வண்டின்னா அலாரமும் கத்தும், பயப்பட வேண்டாம்.

அந்த பிளஸ் முனை, முன் மூடிய திறக்க மட்டும்தான். அதுல இருந்து இஞ்சின ஸ்டார்ட் பண்ணப் போனா வயரிங் கருகிடும்.

பீளமேடு பையன்:
ஃபியூஸ் பெட்டி எந்தப் பக்கம்ங்க?

உக்கடம் ஸ்பேனர்:
மூடி இருக்கிற பக்கம்.

திருப்பூர் டர்போ:
புது பேட்டரி போட்டா கோடிங் பண்ணணும். கம்ப்யூட்டர்ல ஏத்தலைன்னா ரெண்டு வருஷத்துல போயிடும்.

உக்கடம் ஸ்பேனர்:
அது சில பிஎம்டபிள்யூக்கு. 2008 பாக்ஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்ல. கதவுக் கண்ணாடிய முழுசா ஏத்தி ஸ்விட்ச கொஞ்ச நேரம் பிடிச்சா, கண்ணாடி தானா ஏறி இறங்கறது திரும்பி வந்துடும். ரேடியோ கோடு கேக்கலாம், மாமாகிட்ட கேட்டு வைங்க.

திருப்பூர் டர்போ:
அப்ப லித்தியம் போடுங்க. வெயிட் குறையும்.

பழைய பிஸ்டன்:
போர்ஷவே 2010ல ஜிடி3, பாக்ஸ்டர் ஸ்பைடர்ங்கற மாடல்களுக்கு லித்தியம் ஆப்ஷனா குடுத்தான். 6 கிலோவுக்கும் கம்மி, ஈய பேட்டரிய விட 10 கிலோ லேசு. ஆனா சாதா பேட்டரியையும் கூடவே குடுத்தான், குளிர்ல லித்தியம் மக்கர் பண்ணும்னு. மருதமலைக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு 10 கிலோ குறைச்சு என்ன சாதிக்கப் போறீங்க?

அண்ணாநகர்காரருக்கும் ஒண்ணு சொல்லணும். பத்து நிமிஷ ஐடிலிங்ல, ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட் திரும்பி வந்தாலே பெரிசு. சைலன்சர்ல தண்ணி தேங்கறதுதான் மிச்சம். நிக்கிற வண்டி அலாரத்துக்கும் ரிமோட்டுக்கும் 40 மில்லி ஆம்பியர் தின்னாக்கூட நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரி ரெண்டரை மாசத்துல காலி. காலியாவே கிடந்தா தகட்டுல சல்ஃபேட் கெட்டியா படிஞ்சிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. பத்திரமா நிறுத்தணும்னா வீட்டு பிளக்ல மாட்டி விடற மெயின்டெய்னர் வாங்குங்க.

அண்ணாநகர் ஆல்டர்னேட்டர்:
எட்டு வருஷமா என் பேட்டரி ஓடுதுங்க. கணக்குப் போட்டா ஓட்டறேன்?

இன்வெர்ட்டர் இளங்கோ:
பழச கழட்டினா தரையில வைக்காதீங்க. சிமெண்ட் தரை சார்ஜ உறிஞ்சிடும். பலகை போட்டு வைங்க.

பழைய பிஸ்டன்:
பேட்டரிப் பெட்டிய மரத்துலயும் ரப்பர்லயும் செஞ்ச காலத்துப் பேச்சு. இப்ப எல்லாம் பாலிப்ரொப்பிலீன். தரை எதையும் உறிஞ்சாது.

இன்வெர்ட்டர் இளங்கோ:
கடையில இருபது வருஷமா பலகையிலதான் வைக்கிறோம். எங்கப்பா காலத்துல இருந்தே.

பழைய பிஸ்டன்:
பலகை போடறதால கெட்டுப் போகாது. அவ்வளவுதான் அதோட மகிமை.

பீளமேடு பையன்:
திறந்துடுச்சு!! பக்கத்து வீட்டு மாருதி பேட்டரிய கடன் வாங்கினேன். ராத்திரி பதினோரு மணிக்கு அலாரம் அடிச்சு தெருவே வெளிய வந்துடுச்சு. பழசுல 3.8 வோல்ட்.

உக்கடம் ஸ்பேனர்:
3.8ன்னா போச்சு, மாத்திடுங்க. நீளத்தை அளந்துட்டுக் கடைக்குப் போங்க. இந்த வண்டிகள்ல 278 மி.மீ.யும் பாத்திருக்கேன், 315ம் பாத்திருக்கேன். முனைக்கு 10 ஸ்பேனர், கீழ பிடிக்கிற கிளாம்புக்கு 13. மைனஸ முதல்ல கழட்டி கடைசியா மாட்டணும். மாட்டி முடிக்கிற வரைக்கும் முன் மூடிய அடைக்காதீங்க, மறுபடி மாருதிக்காரர எழுப்பணும்.

பேட்டரி பக்கவாட்டுல ஒரு மெல்லிசான ரப்பர் குழாய் செருகியிருக்கும். கேஸ் வெளிய போற வழி அது. புதுசுலயும் அதை மாட்டணும், மறு பக்கத்து ஓட்டைய அடைக்கணும். மூடின பெட்டிக்குள்ள ஹைட்ரஜன் தங்கக் கூடாது.

இன்வெர்ட்டர் இளங்கோ:
பழச பலகையில வச்சீங்களா?

பீளமேடு பையன்:
போட்டாச்சுங்க, முதல் செல்ஃப்லயே எடுத்துடுச்சு. மாமாவ கூப்பிட ஏர்போர்ட் கிளம்பறேன். எல்லாருக்கும் நன்றி.

உக்கடம் ஸ்பேனர்:
சந்தோஷம். அந்தக் குழாய் மாட்டினீங்களா?

திருப்பூர் டர்போ:
போட்டோ போடுங்க ப்ரோ.

உக்கடம் ஸ்பேனர்:
தம்பி, குழாய்?