மதியச் சோறு தினமும் மிஞ்சுகிறது, என்ன செய்யலாம்?

மதுரைவாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். சர்க்கரை நோய் வந்த பிறகு மாமனார் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மகள் கல்லூரியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறாள். நானோ பழக்கத்தில் இன்னும் அதே மூன்று ஆழாக்கு அரிசியைத்தான் உலையில் போடுகிறேன். இரவில் எல்லாருக்கும் தோசையோ சப்பாத்தியோ ஆகிவிடுவதால், மிஞ்சிய சோறு பாத்திரத்திலேயே கிடந்து, காலையில் திறந்து பார்த்தால் கொழகொழவென்று நூல் விட்டிருக்கிறது. வயலில் நாற்று நட்டே என்னை வளர்த்த அம்மாவின் நினைவு வந்து, அதைக் கொட்டும்போது கை கூசுகிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

காவிரிக்கரை:
தண்ணீர் ஊற்றி வையுங்கள் அம்மா. சோறு நன்றாக ஆறிய பிறகு மண்சட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு மூடி வைத்தால், காலையில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடலாம். எங்கள் வீட்டில் நீராகாரம் இல்லாத கோடைக்காலமே கிடையாது.

மனையியல் ஆசிரியை:
மேலே சொன்னது நல்ல வழிதான். ஆனால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாகாமல் தங்கி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகுகின்றன. வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. ஆகவே மதியம் முதல் இரவு வரை வெளியில் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவதால் பயனில்லை. சாப்பாடு முடிந்ததுமே மிச்சத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றுவதானாலும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானாலும் 2 மணி நேரத்திற்குள் செய்துவிடுங்கள். பெட்டியில் வைத்ததை மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது. நூல் விட்ட சோற்றைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

நெல்லைச் சமையல்:
மிச்சத்தைக் காப்பாற்றுவதைவிட, மிஞ்சாமல் பார்ப்பதுதான் முக்கியம் என்பேன். 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில்தான் வீணானது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அரிசி களைவதற்கு முன், இன்று மதியம் யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆழாக்கை எடுங்கள். ஒரு நாள் குறைந்துபோனாலும் ரவை உப்புமா கிளறப் பத்து நிமிடம் போதும். சோறு குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நாம் கூடுதலாக வடிக்கிறோம். அப்படியும் மிஞ்சினால், பெட்டியில் வைத்த சோற்றை மறுநாள் காலை பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்புடன் அரைத்து, வெள்ளைத் துணியில் கிள்ளி வைத்து, நல்ல வெயிலில் சலசலவென்று காயவிட்டால் வடகமாகிவிடும்.

மதுரைவாசி:
அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் முழுவதும் இரண்டு ஆழாக்குதான் போட்டேன். ஒரு நாள் மட்டும் சோறு குறைந்தது. மாமனார் தாமாகவே கேழ்வரகுக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தார். நேற்று மிஞ்சிய ஒரு கிண்ணத்தை மூன்று மணிக்கே ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இன்று காலை மகள் மாவடுவைத் தொட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்பினாள்.