மறு: இன்சிடென்ட் ரீடிங்குக்குத் தமிழ்: படுவொளியா, விழுவொளியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் ஸ்டுடியோ ஒளியமைப்புக் கையேட்டின் வரைவைப் படித்தேன். இன்சிடென்ட் ரீடிங்குக்கு (ஆள்மேல் விழும் ஒளியை அளப்பது) "படுவொளி அளவு" என்றும் ரிஃப்ளெக்டட் ரீடிங்குக்கு (ஆள்மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பது) "எதிரொளி அளவு" என்றும் போட்டிருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படுகதிர், எதிரொளிப்புக் கதிர் என்று படித்ததால் அப்படியே எடுத்திருக்கிறோம். கரும்பலகையில் ஆடி வரைந்து காட்டுவதற்கு இரண்டும் பொருத்தம்தான். ஃபிளாஷ் வெளிச்சத்தை அளக்கும் ஃபிளாஷ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

"படு" என்றால் பேச்சில் நமக்கு என்ன வருகிறது? படுவேகம், படுசுட்டி, படுமோசம். "படுவொளி எவ்வளவு காட்டுது?" என்று கேட்டால், கண்ணைக் கூசுகிற வெளிச்சத்தைத்தான் கேட்கிறோம் என்று புதிதாக வந்த பையன் நினைப்பான். "எதிரொளி" இன்னும் சிக்கல். எதிர்வெளிச்சம் என்றால் ஆளுக்குப் பின்னாலிருந்து கேமராவைப் பார்த்து வரும் வெளிச்சம். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் எல்லா ஸ்டுடியோக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறோம். "எதிரொளியை அள" என்றால் மீட்டரைப் பின்விளக்குப் பக்கம் திருப்பிவிடுவான்.

இந்த இரண்டு அளவும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: கசவுப் புடவை, அதாவது சரிகைக் கரை போட்ட கேரள வெள்ளைப் புடவை. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, நாலடித் தூரத்தில் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி மாட்டிய விளக்கு). மணப்பெண்ணின் தாடைக்குக் கீழே மீட்டரைப் பிடித்து, அதன் வெள்ளை டோமை (அரைக்கோள மூடியை) கேமராவுக்குக் காட்டி அளந்தால் எஃப் 8 வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (எஃப் எண் லென்ஸ் துளையைக் குறிக்கும்; எண் கூடினால் துளை சிறுக்கும்). அதே வெளிச்சத்தில் டோமை ஒதுக்கிவிட்டு, கேமரா பக்கமிருந்து புடவையைப் பார்த்து அளந்தால் எஃப் 16ஐ ஒட்டிக் காட்டும். தன் முன்னால் இருப்பது கசவா கம்பளியா என்று மீட்டருக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைத் துணி அந்தச் சாம்பலைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்; நான்கு மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். எஃப் 16 வைத்து எடுத்தால் புடவை துவைக்காத சாம்பல் நிறத்தில் வரும், முகம் இருண்டு போகும். பக்கத்தில் கறுப்புக் கோட்டில் நிற்கும் மாப்பிள்ளையை அளந்து எடுத்தால் நேர் மாறாக எஃப் 4 பக்கம் போய் முகம் வெளுத்துவிடும். வெளிச்சம் ஒன்றுதான், ஆடைதான் வேறு. முகத்தில் விழுவதை அளந்தவருக்கு இருவருக்கும் எஃப் 8தான்.

அதனால் என் முன்மொழிவு: விழுவொளி, மீளொளி.

"வெளிச்சம் மூக்குக்கு இந்தப் பக்கம் விழுது", "கழுத்துல விழல" என்றுதான் நாள் முழுக்கப் பேசுகிறோம். விழுவொளி என்றதும், ஒளி விழுகிற இடத்துக்கு மீட்டரைக் கொண்டுபோக வேண்டும் என்பது தானே புரியும். மீளொளி என்றதும், பட்டு மீண்டு வருவதை, அது வந்து சேரும் கேமரா பக்கமிருந்து அளக்க வேண்டும் என்று புரியும். சொல்லே கைக்கு வழிகாட்டுகிறது. இந்தத் துறையில் ஒரு கலைச்சொல்லிடம் நான் எதிர்பார்ப்பது அதுதான்.

இங்கே மலையாளப் பள்ளிப் புத்தகத்தில் "பதனரஷ்மி" என்கிறார்கள். பதனம் என்றால் விழுதல். அவர்கள் வடமொழியில் சொன்னதையே நாம் தமிழில் சொல்கிறோம்.

*

செங்கோட்டையிலிருந்து

தம்பி,

எதிரொளி பற்றிச் சொன்னது சரி, அதை எடுத்துவிடலாம். படுகதிரைக் கைவிட எனக்கு மனமில்லை. பள்ளியில் ஒரு சொல், ஸ்டுடியோவில் ஒரு சொல் என்று பிள்ளைகளைக் குழப்பக் கூடாது. தமிழில் ஏற்கெனவே அந்தத் தொல்லை இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ரிஃப்ளெக்‌ஷன் "தெறிப்பு". "தெறியொளி" என்றுகூட ஒருவர் கேட்கலாம். ஆனால் ஸ்டுடியோவில் தெறிக்கிறது என்றால் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறுவதையோ, எண்ணெய் வழியும் நெற்றியில் பளிச்சென்று வருவதையோ சொல்கிறார்கள். அது வேண்டாம்.

இன்னொன்று: "விழு" என்பதற்குப் பழந்தமிழில் சிறந்த என்ற பொருள் உண்டு. விழுப்பொருள், விழுமியம் எல்லாம் அந்த வழி வந்தவை. புலவர் யாராவது "சிறந்த ஒளி" என்று படித்தால் என்ன சொல்வாய்?

*

நகரியிலிருந்து

ஐயா, வணக்கம்.

தெலுங்கிலும் "பதன கிரணம்" என்றுதான் பாடத்தில் இருக்கிறது. மேற்கிலும் வடக்கிலும் பக்கத்து வீட்டார் இருவரும் "விழுதல்" என்றே சொல்லும்போது நாம் மட்டும் "படு"வைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஃபிளாஷ் மீட்டரை வைத்துப் பார்த்தால் "விழுவொளி"க்கு இன்னொரு பலமும் இருக்கிறது. அது வினைத்தொகை, விழுந்த, விழுகிற, விழும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வந்து முடிந்துவிடும். மீட்டர் அந்தத் துடிப்பு முழுவதையும் சேர்த்துக் கூட்டிய பிறகே எண்ணைக் காட்டுகிறது. நாம் எண்ணைப் படிக்கும்போது அது விழுந்து முடிந்த ஒளி.

வரைவில் ஃபிளாஷ் மீட்டருக்கு "மின்வெட்டொளிமானி" என்று இருப்பதை நீக்கிவிடலாம். மின்வெட்டு என்றால் கரண்ட் போவது. வேறு பொருள் யாருக்கும் வராது. "ஃபிளாஷ் ஒளிமானி" போதும். ஒளிமானி என்று மட்டும் எழுதினால் தொடர் வெளிச்சத்தை அளக்கும் கருவி என்றே எடுத்துக்கொள்வார்கள். ஃபிளாஷ் வசதி இல்லாத மீட்டரை வாங்கி வந்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

அளக்கும் முறைப் பக்கத்தில் சில திருத்தங்கள்:

முதலில் மீட்டரில் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் கேமராவில் உள்ளபடியே வைக்கச் சொல்ல வேண்டும். வரைவில் ஐஎஸ்ஓ மட்டும்தான் இருக்கிறது. முந்தைய வேலைக்கு வைத்த 1/30 அப்படியே இருந்தால், மாடலிங் விளக்கின் (ஃபிளாஷுக்குள் தொடர்ந்து எரியும் சிறு விளக்கின்) வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கணக்கில் சேர்ந்து எண் கூடிவிடும். அதை நம்பிக் கேமராவில் 1/125 வைத்து எடுத்தால் படம் இருட்டாக வரும்.

கம்பியில்லா முறையில் பொத்தானை அழுத்தியதும் மின்னல் குறி விட்டுவிட்டு எரியும். செகோனிக் நிறுவன மீட்டரில் சுமார் 90 நொடி அப்படிக் காத்திருக்கும்; அதற்குள் ஃபிளாஷை அடிக்க வேண்டும். திடீரென்று மாறும் எந்த வெளிச்சத்தையும் அது ஃபிளாஷ் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். யாராவது டியூப்லைட்டைப் போட்டாலே ஏதோ ஒரு எண் வந்து நிற்கும். அடிக்காமலே எண் வந்தால் நம்பாமல் மறுபடி அழுத்தவும். கேமரா ஃபிளாஷ் டிடிஎல்லில் (கேமராவே ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் முறையில்) இருந்தால் முன்னால் போகும் சிறு மின்னலையே மீட்டர் பிடித்துக்கொள்ளும். ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

அடுத்து, எண்ணைப் படிப்பது. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். திரையில் பெரிதாக 5.6, பக்கத்தில் சிறிதாக 9 என்று வரும். அந்த 9, ஸ்டாப்பில் பத்தில் ஒன்பது பங்கு. ஆக அது எஃப் 5.6 அல்ல, ஏறக்குறைய எஃப் 8. பெரிய எண்ணை மட்டும் பார்த்து 5.6 வைத்தால் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் கூடிப் போய்ச் சரிகையில் இழையே தெரியாது. 8க்குப் பக்கத்தில் 3 என்றால் எஃப் 9. 7 என்றால் எஃப் 10. எட்டுப் புள்ளி மூன்று, எட்டுப் புள்ளி ஏழு என்று வாசிக்கவே கூடாது. கையேட்டில் இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டும்.

பவரைக் குறைத்ததும் ஒரு முறை வெறுமனே அடித்துவிட்டு அளப்பது நல்லது. பழைய மோனோலைட்டுகளில் (மின்பகுதியும் விளக்கும் ஒன்றாக உள்ள ஸ்டுடியோ ஃபிளாஷ்களில்) கண்டென்சரில் மீந்த சார்ஜ் அப்படியே இருக்கும். முதல் அடி பழைய பவரிலேயே வரும். மின்னழுத்தம் இறங்கும் மாலை வேளைகளில் பீப் கேட்டதும் அடிக்காமல் இன்னும் ஓரிரு நொடி விடவும். மூன்று முறை அடித்துப் பார்த்துச் சிறிய எண் ஒன்றுக்கு மேல் ஆடாவிட்டால் சரி. மூன்று, நாலு என்று ஆடினால் விளக்கையோ மின் இணைப்பையோ பார்க்க வேண்டும். மீட்டரைக் குறை சொல்லக் கூடாது.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஐயா,

"விழுப்பொருள்" சங்கடம் சங்கப் பாட்டில் வரலாம், ஸ்டுடியோவில் வராது. "விழு" என்று தனியாகச் சொன்னால் இன்று யாரும் சிறப்பு என்று எடுப்பதில்லை. "படு"வோ இன்றைக்கும் பேச்சில் உயிரோடிருக்கும் அடை. குழப்பும் வலு அதற்குத்தான் அதிகம். பள்ளிச் சொல்லை மறைக்கவும் வேண்டாம். முதல் முறை வரும் இடத்தில் "விழுவொளி, பாடத்தில் படுகதிர்" என்று ஒரு வரி போட்டால் பிள்ளைகள் இணைத்துக்கொள்வார்கள்.

நகரி அண்ணன் எழுதிய எண் படிக்கும் முறை அப்படியே கையேட்டில் போக வேண்டும். அதோடு தொடர்புள்ள இன்னொரு சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம்: லைட்டிங் ரேஷியோ. வரைவில் "ஒளிவிகிதம்" என்று ஒரே சொல்லாக இருக்கிறது. ஆங்கிலத்திலேயே இது இரண்டு பொருளில் ஓடுகிறது, அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

முதன்மை விளக்கு தனியே எஃப் 8. கேமராவுக்கு மேலே வைத்த நிரப்பு விளக்கு தனியே எஃப் 5.6. ஒரு ஸ்டாப் வித்தியாசம், ஆகவே விளக்குகளுக்குள் 2:1. ஆனால் நிரப்பு விளக்கு முகம் முழுக்க விழுகிறது. வெளிச்சப் பக்கத்தில் 2ம் 1ம் சேர்ந்து 3. நிழல் பக்கத்தில் 1 மட்டும். முகத்தில் பார்த்தால் 3:1. ஒருவர் "ரெண்டுக்கு ஒண்ணு" என்பார், இன்னொருவர் "மூணுக்கு ஒண்ணு" என்பார். இருவரும் சொல்வது ஒரே அமைப்பைத்தான். முதலதை "விளக்கு விகிதம்" என்றும் இரண்டாவதை "முக விகிதம்" என்றும் பிரித்துவிடலாம். இரண்டு விளக்கையும் சேர்த்து அடித்தால் மீட்டர் 8, பக்கத்தில் 6 காட்டும். கேமராவில் எஃப் 10. முதன்மை விளக்கை மட்டும் அளந்து எஃப் 8 வைப்பவர்கள் அரை ஸ்டாப்புக்கு மேல் அதிகமாக எடுக்கிறார்கள். கசவில் அது முதலில் தெரியும், முகத்தில் பிறகுதான் தெரியும்.

டோமை எங்கே பார்க்க வைப்பது என்பதையும் விழுவொளிப் பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும். படத்துக்கான அளவு எடுக்கும்போது டோம் வெளியே இருக்கணும், கேமராவைப் பார்க்கணும். முகம் உருண்டையானது, பல பக்கமிருந்து ஒளி வாங்குகிறது. டோமும் உருண்டையாக இருந்து அதேபோல வாங்குகிறது. மீட்டருக்கு அரைக்கோளத்தைக் கொண்டுவந்த டான் நார்வுட்டின் எண்ணமும் அதுதான். விளக்கு விகிதம் பார்க்கும்போது டோமை உள்ளே தள்ளி, அல்லது தட்டை வட்டைப் போட்டு, ஒவ்வொரு விளக்கையும் நேராகப் பார்த்து அளக்க வேண்டும். மற்றவற்றை அணைத்துவிட வேண்டும். ஓவியம், பழைய புகைப்படம் போன்ற தட்டையான பொருளை நகலெடுக்கும்போதும் தட்டை வட்டுதான்: நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து, ஸ்டாப்பில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் மாறாமல் விளக்கை நகர்த்த வேண்டும்.

மீட்டரைப் பிடிப்பவரின் வெள்ளைச் சட்டையும் விளக்குக்கு நடுவில் நீளும் கையும் எண்ணை மாற்றும். கையை நீட்டி, உடலை ஒதுக்கி நிற்க வேண்டும். விளக்கு நாலடித் தூரத்தில் இருக்கும்போது முகத்துக்கு அரையடி முன்னாலேயே மீட்டரைப் பிடித்துவிட்டால் ஒரு ஸ்டாப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிக் காட்டும். தூரம் குறையக் குறைய ஒளி வர்க்கக் கணக்கில் ஏறுகிறது. "முகத்தருகே" என்று வரைவில் எழுதியதை "தாடையைத் தொடும் அளவுக்கு" என்று மாற்றச் சொல்வது இதனால்தான்.

டோமுக்கு "குமிழ்" என்று போட்டிருக்கிறோம். பவர் திருகும் குமிழும் அதே பக்கத்தில் வருகிறது. "வெண்குமிழ்" என்றால் பிரிந்துவிடும்.

*

செங்கோட்டையிலிருந்து

தம்பி, விழுவொளி, மீளொளி, இரண்டும் இருக்கட்டும். பாடச்சொல்லை ஒரு வரியில் இணைப்பதாகச் சொன்னதால் ஒப்புக்கொள்கிறேன். முக விகிதத்துக்கு மட்டும் ஒரு கேள்வி: நகைப்படம் எடுப்பவருக்கு முகம் ஏது? "நிழல் விகிதம்" என்றால் ஆளுக்கும் பொருளுக்கும் சேர்ந்து வரும்.

மீளொளிப் பகுதியில் ஒரு குறிப்பும் சேர்க்கவும். நடுச்சாம்பல் எது என்பதில் மீட்டர் செய்பவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மீளொளி அளவைச் சீரமைக்கும் மாறிலி செகோனிக்கில் 12.5, மினோல்டாவினுடையது 14. ஸ்டாப்பில் ஆறிலொரு பங்கு வித்தியாசம். இரண்டு மீட்டரைப் பக்கத்தில் வைத்து மீளொளி அளந்து, ஒன்று பழுது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

*

நகரியிலிருந்து

நிழல் விகிதம் நல்லது, எடுத்துக்கொள்ளலாம். "ஸ்டாப்" அப்படியே இருக்கட்டும். "நிறுத்தம்" என்றால் பேருந்து நிறுத்தம். "படி" என்றால் நகல். மாற்றிய வரி இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"ஃபிளாஷ் ஒளிமானியில் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் கேமராவில் உள்ளபடி வைக்கவும். வெண்குமிழை வெளியே இழுத்து, தாடையைத் தொடும் அளவுக்குப் பிடித்து, கேமராவைப் பார்க்க வைத்து, எல்லா விளக்கையும் சேர்த்து அடித்து விழுவொளியை அளக்கவும். பெரிய எண்ணோடு சிறிய எண்ணையும் சேர்த்துப் படிக்கவும்."