தக்காளியில் பொறி வைத்தும் புழு குறையவில்லை, தப்பு எங்கே?

மாரண்டஹள்ளி_தோட்டம்:
1 ஏக்கர் ஹைபிரிட் தக்காளி, சொட்டுநீர், குச்சி ஊன்றிக் கயிறு கட்டியிருக்கு. நட்டு 42 நாள், பிஞ்சு நிறைய. மருந்துக்கடையில் காய்ப்புழுவுக்குன்னு கொடுத்த 5 இனக்கவர்ச்சிப் பொறி வெச்சிருக்கேன். மேலே மூடி, நடுவில் புனல், கீழே நீளமான பாலித்தீன் பை இருக்கிற மாடல். ராத்திரிக்கு ஒண்ணோ ரெண்டோ பூச்சிதான் விழுது. ஆனா இலையில் பட்டை பட்டையா வெளுத்துக் காயுது, குருத்து கருகுது, காம்படியில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. லூர் (உள்ளே தொங்குற, பெண் பூச்சி வாசம் விடுற ரப்பர்) போலியா? பொறியை 10 ஆக்கினா சரியாகுமா? இல்ல இது வேற பூச்சியா?

கத்தரி_தக்காளி_டாக்டர்:
லூர் போலி இல்லைங்க, பூச்சிதான் வேற. நீங்க சொல்ற அடையாளம் டூட்டா என்கிற ஊசிப்புழுவுக்கு. காய்ப்புழு லூர் காய்ப்புழுவின் ஆண் தாய்ப்பூச்சியை மட்டும்தான் கூப்பிடும். அதை 10 என்ன, 50 வெச்சாலும் டூட்டா எட்டிக்கூடப் பார்க்காது.

உறுதி செய்ய ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடிச்சுப் பாருங்க. பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மெல்லிசா வெள்ளைக் கோடு போனா அது இலைத்துளைப்பான் ஈ. அது ஈ என்பதால் இந்தப் பொறி எதிலும் விழாது, மஞ்சள் ஒட்டும் அட்டையில்தான் விழும். கோடா இல்லாம கொப்புளம் மாதிரி அகலமா வெளுத்து, உள்ளே கருப்புப் பொடியா எச்சமும் இருந்தா டூட்டா. கொப்புளத்தைப் பிரிச்சா சின்னப் புழு, தலைக்குப் பின்னாடி கருப்புப் பட்டை. காயிலும் வித்தியாசம் தெரியும். காய்ப்புழு பெரிய வட்ட ஓட்டை போட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கிட்டுத் தின்னும். டூட்டா காம்படியில் ஊசித் துளை போட்டு உள்ளே போயிடும்.

தென் அமெரிக்கப் பூச்சி இது. 2014-ல் மகாராஷ்டிராவில் தெரிய வந்து, அப்புறம் தெற்கே இறங்கிடுச்சு. இருக்கிற 5 பொறியை எடுத்துடாதீங்க, காய்ப்புழுவைக் கண்காணிக்க ஏக்கருக்கு 5 சரியான கணக்குதான். பொறி செடி நுனிக்கு ஒரு அடி மேலே இருக்கணும், செடி வளர வளர ஏத்திக் கட்டுங்க. பையின் அடி முடிச்சையும் பாருங்க. அவிழ்ந்திருந்தா விழுந்த பூச்சி கீழ் வழியா நடந்து போயிடும், நீங்க "ஒண்ணு ரெண்டுதான்"னு எழுதி வைப்பீங்க.

பாலக்கோடு_நாற்றங்கால்:
டூட்டாவுக்குப் புனல் பொறியை விடத் தண்ணீர்த் தட்டு நல்லா வேலை செய்யும். கடையில் தண்ணிப் பொறின்னே கிடைக்கும். இல்லைன்னா ஒன்றரை அடி அகல பிளாஸ்டிக் தட்டு போதும், ஆழம் 3 அங்குலம் இருக்கட்டும். தட்டின் குறுக்கே கம்பி கட்டி, நடுவில் டூட்டா லூர் ரப்பரைத் தொங்க விடுங்க. தண்ணி மட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே நிக்கணும், தண்ணியில் பட்டுட்டா லூர் வீண். சமையல் எண்ணெய் ஒரு ஸ்பூன், இல்ல ஷாம்பு சில சொட்டு விடுங்க. அது இல்லாட்டி பூச்சி மிதந்து, கரையேறிப் பறந்துடும்.

உயரம்தான் பலரும் தப்புப் பண்ற இடம். டூட்டா தாழப் பறக்கும். காய்ப்புழுப் பொறி மாதிரி செடிக்கு மேலே ஏத்தாம, தரையிலிருந்து ஒரு அடிக்குள் செங்கல் மேல வைங்க. தட்டை மூடுற இலையைக் கிள்ளிடுங்க. கண்காணிக்க மட்டும்னா ஏக்கருக்கு 2 அல்லது 3 போதும். காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்த ஓரத்தில் ஒண்ணு கட்டாயம்.

லூர் பாக்கெட்டை வைக்கிற அன்னிக்குத்தான் பிரிக்கணும். மீதியை ஃபிரிட்ஜில் வைங்க. மருந்து தொட்ட கையாலயோ புகையிலை பிடிச்ச கையாலயோ ரப்பரைத் தொடாதீங்க. ரெண்டு பூச்சி லூரை ஒரே பொறியில் மாட்டுறதும் வேண்டாம். மாத்தும் நாள் பாக்கெட்டில் இருக்கும், சித்திரை வெயிலில் அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்திடுங்க. பழைய ரப்பரை வரப்பில் வீசாதீங்க, அதுவும் வாசம் விட்டுப் பூச்சியைக் குழப்பும்.

ஓசூர்_நிழல்வலை:
எண்ணிக்கையைக் கூட்டினால் பூச்சியைப் பொறியிலேயே ஒழிச்சிடலாமேன்னு கேட்டால், ஏக்கருக்கு 16 முதல் 20 தட்டு வரை வைக்கச் சொல்றாங்க. நிழல்வலைக் கூடாரத்துக்குள்ள அது பலிக்கும். கதவை மூடிட்டா வெளிப்பூச்சி வராது, நடவு அன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்.

கத்தரி_தக்காளி_டாக்டர்:
கூடாரத்துக்குச் சரி. திறந்த வயலில், அதுவும் 42 நாள் ஆன பயிரில் நான் ஒத்துக்க மாட்டேன். பொறியில் சாகிறது ஆண் மட்டும். மிச்சம் இருக்கும் ஒரு ஆண் பல பெண்ணோட சேரும். பக்கத்துத் தோட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்த பெண் உங்க வயலுக்கு வந்து முட்டை வைக்க ரப்பரும் வேண்டாம், ஆணும் வேண்டாம். ஒரு பெண் 250 முட்டை வரை வைக்கும். அதனால பொறி எண்ணிக்கையைப் பார்த்து வேலையைத் தொடங்குங்க, பொறியையே வேலையா நம்பாதீங்க.

வாரம் ரெண்டு நாள் காலையில் எண்ணி எழுதுங்க. முந்தின வாரத்தை விட ஒரேயடியா ஏறினா, அடுத்த 4 - 5 நாளில் முட்டை பொரியுதுன்னு அர்த்தம். அப்ப 20 செடியில் குருத்து, இலை அடி ரெண்டையும் பாருங்க. புது கொப்புளம் இருக்கும் இலையைக் கிள்ளிப் பையில் போட்டு அழிங்க. புழு கொப்புளத்துக்குள் போன பிறகு தொடு நஞ்சு மருந்து அதைத் தொடாது. தொடக்கத்தில் அசாடிராக்டின் (வேம்பு மருந்து) 10,000 பிபிஎம் லிட்டருக்கு 2 மி.லி., சாயங்காலம், இலை அடியில் படும்படி. மீறினால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. 10 லிட்டருக்கு 3 மி.லி. அடுத்த முறை ஃப்ளூபென்டியமைடு அடிச்சு "மருந்து மாத்திட்டேன்"னு நினைக்காதீங்க, ரெண்டும் ஒரே வகுப்பு. இண்டாக்சகார்ப் வேற வகுப்பு. எதுவானாலும் டப்பாவில் போட்டிருக்கும் அறுவடைக் காத்திருப்பு நாளை மீறாதீங்க. காய்ப்புழுவுக்கு விற்கிற என்.பி.வி. வைரஸ் கரைசல் டூட்டாவுக்கு வேலை செய்யாது, அதுக்குக் காசு போடாதீங்க.

மாரண்டஹள்ளி_தோட்டம்:
நன்றிங்க, கொப்புளத்தைப் பிரிச்சுப் பார்த்தேன், டூட்டாதான். 3 தட்டு வெச்சேன். முதல் மூணு நாள் தட்டுக்கு 30க்கு மேல. அப்புறம் 5, 6-ன்னு இறங்கிடுச்சு, செடியில் கொப்புளம் மட்டும் குறையல. குறைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

பாலக்கோடு_நாற்றங்கால்:
செடியை நம்புங்க, தட்டை அப்புறம் நம்பலாம். முதலில் தண்ணி வத்தி லூருக்கும் மட்டத்துக்கும் இடைவெளி கூடியிருக்கான்னு பாருங்க. வெயிலில் ரெண்டு நாளுக்கு ஒரு தடவை ஊத்தணும். மேலே தூசியும் செத்த பூச்சியும் ஆடை மாதிரி படிஞ்சிருந்தா மாத்துங்க. ராத்திரி மழை, பலத்த காத்து இருந்தாலும் விழாது. இதெல்லாம் சரியா இருந்தா வயலில் பெண் பூச்சி பெருகியிருக்கலாம். நிஜப் பெண் பக்கத்திலேயே இருக்கும்போது ஆண் எதுக்கு ரப்பரைத் தேடி வரும்?

இன்னொண்ணு, விலை இறங்கினதும் பறிக்காம விட்ட தோட்டம் பக்கத்தில் இருக்கான்னு பாருங்க. அழுகிற காயும் காய்ஞ்ச செடியும்தான் பூச்சிப் பண்ணை. வரப்பில் மணத்தக்காளி இருந்தா பிடுங்குங்க, அதிலும் வளரும். மண்டியிலிருந்து திரும்பி வர்ற தக்காளிப் பெட்டிகளைக் கழுவிக் காய வைக்காம வயலுக்குள் இறக்காதீங்க, கூட்டுப்புழு அதில் ஒட்டிக்கிட்டு வரும்.