பாட்டிய பெத்தவங்களுக்கு அப்பா யாரு? பழைய சபை ரிஜிஸ்டர் பாத்தவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே. எனக்க அம்மைவழி பாட்டிய பெத்தவங்க (பாட்டிக்க அம்மை), அசம்பு மலையில வெள்ளக்காரங்க காப்பி எஸ்டேட் வச்சிருந்த காலத்துல பொறந்தவங்க. கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டி பக்கம் ஒரு எல்.எம்.எஸ் (லண்டன் மிஷனரி சொசைட்டி) சபையில ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல அவங்க அம்மை பேரு இருக்கு, அப்பா பேரு போடுற கட்டம் காலியா கெடக்கு. கொல்லம் ஆண்டு 1065னு போட்டிருக்கு, மாசம் பூச்சி அரிச்சு போச்சு, அதனால 1889ஆ 1890ஆன்னு கூட உறுதியில்ல. அதே அம்மைக்கு எஸ்டேட் கணக்கப்பிள்ளையோட கல்யாணம் நடந்தது கொல்லம் 1067ல தான், அப்போ பிள்ளை அவருக்குள்ளதா இல்ல எல்லாரும் குசுகுசுக்குற மாதிரி துரைக்குள்ளதா? வீட்டுல கேட்டா பெரியம்மை பேச்ச மாத்திருவாவ, நெறத்தப் பாத்தே தெரியாதான்னு ஒரு சித்தப்பா, அதெல்லாம் ஒரு ஆதாரமா!

துரை அந்த அம்மைய முறையா கெட்டியிருந்தா லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்குற மெட்ராஸ் மாகாண சர்ச் பதிவுல வந்திருக்கணும்னு தேடினேன், ஒண்ணும் சிக்கல. ஆனா நம்ம பக்கம் அப்போ திருவிதாங்கூர், அது தனி சமஸ்தானம்லா, அங்க இல்லைன்னா கல்யாணமே நடக்கலன்னு சொல்லிர முடியாது.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா எனக்கு அந்த அப்பாவுக்க பங்கு சுமார் 6 சதவீதம் தான் வரும், அம்மைக்க அண்ணனுக்கு அதுல ரெட்டிப்பு, அதனால மாமாவ சம்மதிக்க வைக்கப் பாக்கேன். எந்த டெஸ்ட் எடுக்கலாம்? எல்.எம்.எஸ் கடிதங்க லண்டன் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக லைப்ரரில இருக்கு, அதுல இந்த மாதிரி குடும்ப விஷயம் எழுதியிருப்பாங்களா? யாராச்சும் பாத்திருந்தா இன்பாக்ஸ்ல வாங்க.