‘காஷ்மீர்’ பாட்டில் இருப்பது திஸ்ர நடையா?

கோட்டை மிருதங்கம்:
‘காட்பாடி கிதார்’ என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ‘காஷ்மீர்’ பாட்டில் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில், அதாவது ஒவ்வோர் அட்சரத்தையும் (தாளத்தில் எண்ணும் ஒவ்வோர் எண்ணிக்கையையும்) மூன்று துண்டாக்கி, வாசித்திருக்கிறார் என்றும், ராகம் கரகரப்பிரியா என்றும் அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். வேலூரில் இசை தெரிந்தவர்களே அதற்குத் தலையாட்டியிருப்பதுதான் எனக்கு வேதனை. 1975 பிப்ரவரியில் வந்த அந்தப் பாட்டில் நடப்பதே வேறு. டிரம்ஸில் ஜான் பான்ஹாம் நான்கு நான்காக எண்ணி, கொஞ்சமும் அசையாமல் அடித்துக்கொண்டு போகிறார். பேஜின் கிதாரும் அதோடு சேர்ந்து வரும் வயலின் கூட்டமும் மூன்று அட்சரத்துக்கு ஒருமுறை முடிந்து மறுபடியும் தொடங்கும் ஒரு சிறு வரியை வாசிக்கின்றன. கிதார் நான்கு சுற்றும் டிரம்ஸ் மூன்று சுற்றும் முடிந்தபின், அதாவது 12 அட்சரம் கழிந்தபின், இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. மூன்று என்ற எண் காதில் பட்டதுமே திஸ்ர நடை என்று எழுதிவிடலாமா?

காட்பாடி கிதார்:
ஐயா, மிருதங்கம் கற்றவர்களுக்கு மட்டுமே மூன்று எண்ணத் தெரியும் என்பதுபோல எழுதுகிறீர்கள். இந்தப் பாட்டைப் பதினோரு ஆண்டுகளாக வாசிக்கிறேன். இதற்குக் கிதாரின் ஆறாவது, இரண்டாவது, முதலாவது தந்திகளை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால், கனத்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று நிற்கும். அந்த அளவுக்குத் தளர்ந்த ஆறாவது தந்தியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே சுருதி மேலே ஏறிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விரல் வியர்த்து வழுக்க வழுக்க, தொட்டும் தொடாமலும் பிடித்து வாசித்தவன் நான். அப்படி வாசித்த கைக்குத் தெரியும், ஒவ்வொரு மூன்றுக்கும் வரி புதிதாகப் பிறக்கிறது என்று. மூன்று என்றால் திஸ்ரம். இதற்கு மேல் எனக்கு இலக்கணம் வேண்டாம்.

கோட்டை மிருதங்கம்:
தம்பி, உங்கள் விரல் வியர்த்ததை யாரும் மறுக்கவில்லை. ஓர் அட்சரத்துக்கும் அடுத்த அட்சரத்துக்கும் இடையில் எத்தனை துண்டு என்பதுதான் நடை. பான்ஹாமின் அடிகளுக்கு இடையில் மூன்று துண்டான ‘தகிட’ சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. நான்கு துண்டான ‘தகதிமி’ சொல்லிப் பாருங்கள், ஒட்டும். அந்த நான்கு துண்டு நடையான சதுஸ்ர நடையிலேயே மூன்று அட்சர நீளமுள்ள ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். ஆதி தாளம் என்று வேறு சொல்கிறீர்கள். அதற்கு 8 அட்சரம். மூன்று அட்சர வரி அதில் சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வர 24 அட்சரம், மூன்று ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஆகும். பாட்டிலோ 12-லேயே சேர்ந்துவிடுகிறது. நேற்று இரவு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, இடது கை விரலால் நான்கும் வலது கைக் கட்டைவிரலால் மூன்றுமாகத் தட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் 1, 4, 7, 10-இல் விழுந்தது. இடது கை 1, 5, 9-இல் விழுந்தது. வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஆனாலும் ஐந்து முறை சரிபார்த்த பிறகே இங்கே எழுதினேன்.

பாகாயம் வாசகி:
இருவருமே 12 என்பதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள். டிரம்ஸில் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் விழுவது 2-லும் 4-லும். ஆகவே கிதார் வரி ஒருமுறை காலால் அடிக்கும் கிக்கோடும் அடுத்தமுறை ஸ்னேரோடும் மாறி மாறித் தொடங்குகிறது: 1-இல் கிக், 4-இல் ஸ்னேர், 7-இல் மறுபடியும் கிக். காதுக்கு 6-லேயே சுற்று முடிந்துவிடுகிறது. மாதாகோவில் பாடகர் குழுவில் இருபது ஆண்டு கீபோர்டு வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஏட்டில் நான்கு நான்காகக் கோடு போட்டதால் மட்டுமே அது 12 ஆகிறது. கரகரப்பிரியா என்பதும் நிற்காது. டி சுரத்தை ஸட்ஜமாக வைத்தால், மேலே ஏறும் அந்த வரி பஞ்சமம், சுத்த தைவதம், சதுசுருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்று அரை அரைச் சுரமாகப் போகிறது. கரகரப்பிரியாவில் சுத்த தைவதம் எங்கே இருக்கிறது?

காட்பாடி கிதார்:
ராகத்தை விடுங்கள், அது பேச்சுவாக்கில் எழுதியது. திஸ்ரத்தை விடமாட்டேன். பேஜுக்கு நம் தாளம் தெரியாது என்று நினைக்கிறீர்களா? 1969-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே ‘பிளாக் மவுண்டன் சைட்’ என்ற வாசிப்பில் விரம் ஜசானி தபேலா வாசித்திருக்கிறார். அதுவும் இதே டி ஏ டி ஜி ஏ டி சுருதிதான். 1972-இல் பேஜும் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்தார்கள். அப்படிப்பட்டவருக்குத் திஸ்ரம் தெரியாதா?

கோட்டை மிருதங்கம்:
தெரிந்திருக்கலாம். தெரிந்தவர் எல்லாப் பாட்டிலும் அதை வாசித்தே ஆகவேண்டுமா? எனக்கு ஐந்து துண்டான கண்ட நடை தெரியும்; அதனால் நான் வாசிக்கும் தில்லானா எல்லாம் கண்ட நடை ஆகிவிடாது. ‘காஷ்மீர்’ என்ற பெயரைப் பார்த்து, பாட்டு நம் நாட்டில் பிறந்தது என்று மயங்குகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். பிளான்ட் அதன் வரிகளுக்கான எண்ணத்தைப் பெற்றது தெற்கு மொராக்கோவின் வறண்ட நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போனபோது. வாசகி அம்மாவுக்கும் ஒரு சொல்: கிக்கும் ஸ்னேரும் ஒலி, தாளம் என்பது எண்ணிக்கை. 12 என்பது 12.

ஆரணிக் கூத்து:
இவ்வளவு பேசுகிறீர்கள், பான்ஹாமுக்கு என்ன பங்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே. எங்கள் தெருக்கூத்தில் ஆட்டக்காரர் அடவை இழுத்துக்கொண்டு எங்கெங்கோ போவார். மத்தளக்காரர் மட்டும் இடம் பெயரமாட்டார். அவர் அசைந்தால் விடியும்வரை ஆட்டம் தாங்காது. இந்தப் பாட்டில் மத்தளக்காரர் பான்ஹாம்தான். பாட்டை ஆக்கியவர்கள் பட்டியலில் பேஜ், பிளான்ட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. 1971-இல் வந்த ‘பிளாக் டாக்’ பாட்டிலும் கிதார் வரி தாளத்தை விட்டு விலகிப் போகும்போது நேராகப் பிடித்து நின்றவர் அவரே. போன பொங்கலுக்கு இதை நான் சொன்னபோது, கூத்துக்காரருக்கு ராக் இசை எதற்கு என்று கோட்டை மிருதங்கம் அண்ணா கேட்டார். அது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கோட்டை மிருதங்கம்:
அப்படி நான் கேட்கவில்லை. கூத்து மத்தளத்தையும் டிரம்ஸையும் ஒரே தராசில் வைக்கவேண்டாம் என்றுதான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பான்ஹாமின் பங்கைத்தான் நான் முதல் வரியிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் அசையாமல் நின்றதால்தான் கிதார் விலகிப் போவதே நம் காதில் விழுகிறது. காட்பாடியில் ஒரு கல்லூரி விழாவில் தம்பி இதே பாட்டை வாசித்தபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சுற்றிலேயே டிரம்ஸ் வாசித்த பையன் கிதாரைப் பின்தொடர்ந்து மூன்றுக்கு மாறிவிட்டான். உடனே இழுவிசை போய், பாட்டு ஊஞ்சல் ஆடுவதுபோல ஆகிவிட்டது. திஸ்ரம் என்று சொல்லிக் கொடுத்தால் பையன் வேறு என்ன செய்வான்?

காட்பாடி கிதார்:
அந்தப் பையன் அன்று காய்ச்சலோடு வாசித்தான், மேடையில் வாசிப்பவருக்கான ஒலிபெருக்கியான மானிட்டரில் அவனுடைய கிக்கே அவனுக்குக் கேட்கவில்லை. மேடை ஏறாதவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதவேண்டாம். பையன் தவறியது நாலில். நான் வாசித்த மூன்றில் எந்தப் பிழையும் இல்லை.

பாகாயம் வாசகி:
6-ஐப் பற்றி இன்னும் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

கோட்டை மிருதங்கம்:
மேடை ஏறாதவனா? உங்களுக்குப் பல் முளைக்கும் முன்பே மார்கழிக் கச்சேரிகளில் வாசித்தவன் நான். தம்பி, அட்சரத்துக்கு ஒரு ‘தகதிமி’யாக நான்கு நான்கு அட்சரம் சொல்லிக்கொண்டே பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஸ்னேர் எங்கே விழுகிறது என்று எழுதுங்கள். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் நான் படிக்கப்போவதில்லை. திஸ்ர நடை என்ற சொல் உங்கள் பதிவில் இருக்கும்வரை நானும் தினமும் இங்கே வந்து இதையே கேட்பேன்.

காட்பாடி கிதார்:
வாருங்கள் ஐயா. அந்தச் சொல் அங்கேயேதான் இருக்கும்.