ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ், பையனுக்கு கிளட்ச் வரவில்லை, அவசரம்

புதுசா_வந்தவன்: அமெரிக்கா வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆபீஸ் நண்பர் தன் மியாட்டாவை (கியர் வைத்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) தருகிறேன், பையனை ஆட்டோகிராஸுக்குக் கூட்டி வா என்கிறார். கோன் வைத்த பாதையில் ஒவ்வொருவராக நேரம் வைத்து ஓட்டும் போட்டியாம். பணம் கட்டியாச்சு. அவன் பழகியதெல்லாம் ஆட்டோமேட்டிக். கிளட்சை விட்டதும் வண்டி குதித்து அணைந்துவிடுகிறது. நான் கத்துகிறேன், அவன் ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறான். எப்படிச் சொல்லித் தருவது?

கொரோல்லா_போதும்: ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு சார்? டீன்ஏஜ் பையன் பெயரை இன்சூரன்ஸில் சேர்த்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். நான் வந்த புதிதில் பனியில் பஸ்ஸுக்கு நின்றவன். மளிகைப் பை நனைந்து கிழிந்து, சாமானெல்லாம் நடைபாதையில் உருண்டது.

கிளட்ச்_மாமா: ஆக்சிலரேட்டரையே மறக்கச் சொல்லுங்கள். காலி பார்க்கிங் லாட், சமதளம். கிளட்சை மட்டும் மெதுவாக விட்டால், எஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி ஊர ஆரம்பிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே காலை நிறுத்தி, மறுபடி அமுக்கணும். பாதத்துக்கு அது பழகும்வரை கியர் மாற்றும் பேச்சே வேண்டாம். ஒரு மாதமாவது ஆகும், இந்த ஞாயிறை விட்டுவிடுங்கள். நீங்களும் பழகணும். ஊரில் இடது கையால் போட்ட கியர் இங்கே வலது கைக்கு. பெடல் வரிசை மட்டும் அதேதான்.

கோன்_பொறுக்கி: மாமா சொல்வது ரோட்டுக்கு. ஆட்டோகிராஸில் முதல் கியரில் கிளம்பி இரண்டாவதுக்குப் போனால், பெரும்பாலும் கடைசிவரை அதிலேயே ஓடும். கிளம்பத் தெரிந்தால் போதும், தாராளமாகக் கூட்டிப் போங்கள். பின்னால் ஹாரன் அடிக்கவும் ஆளில்லை.

பனிக்கரடி: ஹாரனை விடுங்க ப்ரோ. கிரெடிட் ஸ்கோர் இல்லை என்று அபார்ட்மெண்ட் ஆபீஸில் கூடுதல் அட்வான்ஸ் பிடுங்கினார்கள் எங்களிடம்.

கொரோல்லா_போதும்: அட்வான்ஸோடு விட்டார்களே! எனக்கு போன் கனெக்‌ஷனே தரவில்லை.

ட்ராக்_அக்கா: புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா? தம்பி, பையனிடம் இருப்பது லைசென்ஸா, பழகுநர் பர்மிட்டா? அதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும். பர்மிட் என்றால் போட்டி நடத்தும் கிளப் ஏற்குமா, பக்கத்தில் யார் உட்காரணும் என்று இன்றே மெயில் போடுங்கள். மைனர் என்றால் வெய்வரில் (ஏதாவது ஆனால் கிளப் மேல் வழக்குப் போட மாட்டோம் என்ற படிவம்) பெற்றோர் கையெழுத்து வேண்டும், பல இடங்களில் இருவருமே போடணும். ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அமெரிக்க அரசுத் தரத்துக்கான டாட் முத்திரை மட்டும் போதாது. பல கிளப்களில் இரவல் கிடைக்கும். நேரம் வைத்து ஓட்டும் போட்டியில் ஆகும் சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று நண்பரின் இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிறதா என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஆனால் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

அன்று காலை கோர்ஸை, அதாவது கோன் வைத்த பாதையை, அவனோடு நடந்து பாருங்கள். வண்டிக்குள் நிறைய பேச வேண்டாம். முன்னால் வரும் கோனைப் பார், வண்டி சுழன்றால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக மிதி. இவ்வளவுதான். கோன் விழுந்தால் எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) கணக்கில் 2 வினாடி கூடும், அதற்குப் போய்க் கத்தாதீர்கள். கிளப் அனுமதித்தால் பக்கத்து சீட்டில் அனுபவமுள்ள வேறு யாரையாவது உட்காரச் சொல்வது நல்லது. இந்த ஞாயிறு சரிவராவிட்டால் டீன்ஏஜ் பிள்ளைகளுக்கென்றே டயர் ராக் ஸ்ட்ரீட் சர்வைவல் என்ற கார் ஓட்டும் பயிற்சி இருக்கிறது. போட்டி கிடையாது, சொந்தக் காரிலேயே கற்கலாம்.

புதுசா_வந்தவன்: பர்மிட்தான் அக்கா. மெயில் போட்டாச்சு. ஆனால் வெய்வருக்கு இரண்டு பேர் கையெழுத்து என்கிறீர்களே, வீட்டில் அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாது.

ட்ராக்_அக்கா: அப்போ கிளட்ச் அப்புறம். முதலில் அவரிடம் பேசுங்கள்.