மலர் கல்யாணம் – வீட்டாளுவ மட்டும்

பிரவீன்: கல்யாண சர்பத்துக்கு நன்னாரி வேர் வாங்கியாச்சு. கோட்டாறுல. முக்கால் கிலோ

பிரவீன்: (படம்)

தோவாளை அத்தை: என்னலே இது பெருவிரல் தண்டியில இருக்கு

பிரவீன்: மணம் நல்லா இருக்கு அத்தை. மோந்து பாத்துதான் வாங்குனேன்

தக்கலை மாமா: மக்கா அது மாகாளிக் கிழங்கு, ஊறுகாய் போடுறது. மணத்த வச்சுப் பிரிக்க முடியாது. ரெண்டுலயும் மணக்கது ஒரே பொருள்தான்: 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. வெனிலாவுக்கு மணம் குடுக்க வெனிலின்ல இருக்க அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேற. அதான் ரெண்டும் வெனிலா வாடை அடிக்குது. கண்ணால பாத்துதான் வாங்கணும். நன்னாரி கம்பி மாதிரி மெலிசா, தோல் கருந்தவிட்டு நிறமா, குறுக்க குறுக்க வெடிச்சிருக்கும். உள்ள கட்டையா ஒரு நடுநரம்பு. மாகாளி சதைப்பத்தா தடிமனா இருக்கும்.

பார்வதிபுரம் மைனி: அய்யோ, விஷமா மாமா?

தக்கலை மாமா: இல்ல மக்கா, திங்கக்கூடிய கிழங்குதான். நன்னாரிக்கு உள்ள விலைய இதுக்குக் குடுக்க வேண்டாம்.

வடசேரி சித்தப்பா: வாழைக்குலை எத்தனை சொல்லணும்?

தோவாளை அத்தை: குலை பிறவு. சர்பத் 500 பேருக்குக் காணுமா? உங்க வீட்டுக் கல்யாணத்துல பாயசம் பத்தாமப் போனமாதிரி ஆயிரப்பிடாது

தக்கலை மாமா: ஆளுக்கு 30 மில்லி பாகு, 500 பேருக்கு 15 லிட்டர். வேர் 750 கிராம், சீனி பன்னிரண்டரை கிலோ.
வேர மண்ணு போகக் கழுவி, இடிச்சு, நடுநரம்ப எடுத்துக் களையணும். மணம் பூரா தோல்லதான், நரம்பு எடையத்தான் கூட்டும். 4 லிட்டர் தண்ணிய கொதிக்கவச்சு, அடுப்ப அணைச்சு, வேரப் போட்டு இறுக்கி மூடி ராத்திரி பூரா வைக்கணும். கஷாயம் மாதிரி போட்டுக் கொதிக்கவிடாதீங்க. அந்த மணம் ஆவியோட போயிரும், வீடு மணக்கும், சர்பத் மணக்காது.
காலையில பிழிஞ்சு வடிச்சா ஒரு 3 லிட்டர் வரும். வேற பாத்திரத்துல 4 லிட்டர் தண்ணியில மொத்தச் சீனியும், நாலு எலுமிச்சம்பழச் சாறும் விட்டுக் காய்ச்சி இறக்கணும். கை பொறுக்குற சூட்டுக்கு வந்த பிறவு ஊறல் தண்ணியச் சேக்கணும். எலுமிச்சை எதுக்குன்னா, புளிப்பு சீனியக் கொஞ்சம் உடைச்சுவிடும், அடியில கல்கண்டு கட்டாது. சீனியக் கொறச்சா நொரச்சுப் புளிச்சிரும்.
இரும்புச் சட்டி ஆகாது, கறுத்திரும். எவர்சில்வர் மட்டும்.

பிரவீன்: செகப்பு கலர் சேக்கணுமா மாமா

தக்கலை மாமா: வேண்டாம். நெசமான ஊறல் தவிட்டு நிறம்தான். நிறம் வேணும்னா ரெண்டு கரண்டி சீனியக் கருக்கி ஊத்து.

பார்வதிபுரம் மைனி: நன்னாரில இரும்புச்சத்து ரொம்ப உண்டும்னு ஒரு மெசேஜ் சுத்துதே, கர்ப்பிணிகளுக்கு நல்லதாம்

தக்கலை மாமா: கணக்குப் போட்டுப் பாரு. ஒரு ஆளுக்கு ஒன்றரை கிராம் வேருக்க ஊறல். அதுல எறங்குற இரும்பு ஒரு பொருட்டே இல்ல. சரியாக் கழுவாத வேரச் சோதிச்சா, ஒட்டியிருக்க மண்ணே இரும்புக் கணக்க ஏத்திக் காட்டிரும். டாக்டர் குடுத்த மாத்திரைய யாரும் நிறுத்தப்பிடாது. ஒரு கிளாஸ்ல சீனி மட்டும் 25 கிராம் இருக்கு, அஞ்சு டீஸ்பூன். சுகர் உள்ளவங்க நன்னாரி குளிர்ச்சின்னு சொல்லி ரெண்டாம் கிளாஸ் கேக்க வேண்டாம்.

தோவாளை அத்தை: அவங்களுக்குத் தனியா ஒரு பானை. சீனிக்குப் பதிலா அதிமதுரம் போட்டிரலாம்

வடசேரி சித்தப்பா: நல்ல யோசனை. எனக்கும் அதுவே போதும்

தக்கலை மாமா: மாப்பிள, உங்களுக்கு அது ஆகவே ஆகாது. அதிமதுரத்துல இனிப்பு தாறது கிளிசிரைசின். உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சுவச்சு, பொட்டாசியத்த வெளிய தள்ளும். பிபி ஏறும். நீங்க எடுக்க தண்ணி போற மாத்திரையும் பொட்டாசியத்தக் கொறைக்கதுதான். ரெண்டும் சேந்தா தசை தளரும், நெஞ்சுத் துடிப்பு தவறும். ஒரு கிளாஸ்ல விழுந்திர மாட்டீங்க. ஆனா மண்டபத்துல யாரு எத்தனை கிளாஸ் குடிச்சா, யாரு என்ன மாத்திரை போடுதான்னு நமக்குத் தெரியாது.

தோவாளை அத்தை: எங்க அம்மை எல்லா மருந்துலயும் போட்டா. யாருக்கும் ஒண்ணும் ஆவல

தக்கலை மாமா: இருமலுக்கு ரெண்டு மூணு நாள் ஒரு துண்டு போடுறது வேற மைனி. அம்மை காலத்துல பிபி மாத்திரையும் இவ்வளவு பேரு போடல.

தோவாளை அத்தை: 🙏

பார்வதிபுரம் மைனி: சுகர்காரங்களுக்கு மோர் வச்சிருவோமா? இஞ்சி கருவேப்பிலை தட்டிப்போட்டு

தக்கலை மாமா: அது நல்லது.

பிரவீன்: நாளைக்கு வடசேரியில நன்னாரி பாக்கேன். இந்தக் கிழங்கத் திருப்பிக் குடுக்கவா

தோவாளை அத்தை: குடுக்காத லே, இங்க கொண்டா. ஊறுகாய்க்கு ஆகும்

வடசேரி சித்தப்பா: மோருக்குத் தயிர் யாரு பொறுப்பு? சமையக்காரர் கணக்குல இது இல்ல

பார்வதிபுரம் மைனி: அவருட்ட கேட்டுப் பாருங்க சித்தப்பா. இல்லேன்னா நாளைக்குப் பேசுவோம்